ஆப்பிள் தோட்டம் முதல் பேய் வீடு வரை: அமெரிக்க இலையுதிர் காலத்தில் குழந்தைகளோடு வெளியே செல்வது எப்படி?

அமெரிக்காவில் குழந்தைகளோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, செப்டம்பர் நடுவிலிருந்து ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 வரையிலான ஆறேழு வாரங்களே வெளியே சுற்றுவதற்கு மிகவும் உகந்த காலம். வெயிலின் கடுமை தணிந்திருக்கும். கனத்த கோட்டை மாட்டி, கையுறை தேடி, குழந்தையைக் கிளப்புவதற்குள் அரை நாள் கழிந்துவிடும் குளிர்காலமும் இன்னும் வந்திருக்காது. ஆனால் நவராத்திரி கொலுவும், சில ஆண்டுகளில் தீபாவளியும், அவற்றோடு தமிழ்ப் பள்ளியும் பிறந்தநாள் விழாக்களும் இதே வாரங்களில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே சனி, ஞாயிறு என்று கணக்குப் பார்த்தால் கையில் நான்கு நாட்கள் மிஞ்சுவதே பெரிது. அந்த நான்கு நாட்களை எதற்கு, எந்த வரிசையில் செலவிடுவது என்பதையும், பருவத்தின் இறுதியில் வரும், சீட்டு வாங்கிப் பயந்து ரசிக்கும் பேய் வீடு போன்றவற்றுக்குக் குழந்தையை எப்போது, எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லலாம் என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

இரண்டாவது கேள்வியில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு பண்ணையில் டிராக்டருக்குப் பின்னால் வைக்கோல் பரப்பிய வண்டியில் உட்கார்ந்து வயலைச் சுற்றிவரும் ஹே ரைடு நடந்துகொண்டிருந்தது. பகல் முழுவதும் குழந்தைகளுக்கான சவாரியாக இருந்த அது, இருட்டிய பிறகு பயமுறுத்தும் சவாரியாக மாறும் என்பது எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. கடைசி வண்டியில் ஏறினோம். வளைவில் முகமூடி அணிந்த ஒருவர் மரம் அறுக்கும் இயந்திரத்தை உறுமவிட்டபடி ஓடிவந்தார். மகன் அழவில்லை, கத்தவும் இல்லை. என் விரல்களைப் பிடித்திருந்த அவன் கை மட்டும் ஐஸ் போலச் சில்லிட்டுப் போயிற்று. அடுத்த இரண்டு வாரங்கள் அவன் குளியலறைக்குத் தனியாகப் போகவில்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: பயத்தின் கடிவாளம் குழந்தையின் கையில் இருக்க வேண்டும். போதும் என்று குழந்தை சொன்ன நொடியில் வெளியே வர வழியுள்ள இடத்துக்கு மட்டுமே அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்த விதியை வைத்தே பருவத்தை வரிசைப்படுத்தலாம். முதலில் ஆப்பிள் தோட்டம், அடுத்து இலைகளின் நிறம், பிறகு பரங்கிக்காய் வயலும் சோளக்கொல்லைப் புதிர்ப்பாதையும், கடைசியாகப் பயமூட்டும் இடங்கள். விளைச்சலின் வரிசையும் ஏறக்குறைய இதுவேதான். குழந்தையின் துணிச்சல் படிப்படியாக வளர்வதற்கும் இது ஏற்றதாக இருக்கிறது.

ஆப்பிள் தோட்டம்

தோட்டத்துக்குக் கிளம்புமுன் அந்த வாரம் எந்த வகை பறிக்கத் தயாராக இருக்கிறது என்பதைத் தொலைபேசியிலோ இணையத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். காலாவும் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப்பும் பெரும்பாலான இடங்களில் செப்டம்பரிலேயே பழுத்துவிடும்; ஃபூஜி, கிரானி ஸ்மித் போன்றவை அக்டோபர் நடுவுக்குப் பிறகுதான் கைக்கு வரும். ஹனிகிரிஸ்ப் கேட்டுப் போகிறவர்கள் அக்டோபரில் போய் ஏமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பறிக்கும் முறையை மரத்தடியில் நின்று குழந்தைக்கு ஒரு முறை செய்து காட்டிவிட்டால் போதும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, மெல்லத் திருக வேண்டும். பழுத்த பழம் காம்போடு சுலபமாகக் கழன்று வரும். கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் காம்பு பிய்வதோடு, அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய குட்டைக் கிளையும் சேர்ந்து முறியும். திருகியும் வராத பழத்தை விட்டுவிட வேண்டும். இப்போதைய தோட்டங்களில் பெரும்பாலும் குட்டை ரக மரங்களே இருப்பதால் மூன்று வயதுக் குழந்தைக்கும் கை எட்டும். வெளிப்புறக் கிளைகளில் வெயில் படும் பழங்கள் முதலில் பழுக்கின்றன.

பையின் அளவு பற்றி முன்பே தெரிந்திருப்பது நல்லது. தோட்டங்களில் புஷல், பெக் என்ற பழைய அளவைகளிலேயே விற்கிறார்கள். ஒரு புஷல் ஆப்பிள் ஏறக்குறைய 42 பவுண்டு; அதில் கால் பங்கு ஒரு பெக், அதாவது பத்துப் பவுண்டுக்குச் சற்று மேல். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு பெக் தாராளமாகப் போதும். ஆசைப்பட்டு அரைப் புஷல் வாங்கினால் மூன்றாவது வாரம் ஆப்பிள் ரசம் வைக்கும் நிலை வரும். வீட்டுக்கு வந்ததும் அடிபட்ட பழங்களைப் பிரித்தெடுத்துவிட்டு மற்றவற்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆப்பிளிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பக்கத்தில் உள்ள காய்கறிகளைச் சீக்கிரம் பழுக்கவும் வாடவும் செய்யும் என்பதால் குளிர்பெட்டியிலேயே தனி இழுப்பறையில் வைப்பது உத்தமம்.

உடல்நலம் சார்ந்த இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரையில் விழுந்து கிடக்கும் பழங்களைக் குழந்தை கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மான்களும் பிற விலங்குகளும் நடமாடும் தரை அது. அடுத்தது, தோட்டத்தில் பிழிந்து விற்கும் ஆப்பிள் சைடர் என்னும் சாறு. பாஸ்சரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத சைடராக இருந்தால், நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை போத்தலில் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுக்கும்போது அந்தச் சீட்டு கண்ணில் படாது. சிறு குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் அதை அருந்தக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. ஆகவே கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் வீட்டில் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

இலைகள் நிறம் மாறும்போது

மலைப்பாதையில் காரை நிறுத்தி இலைகளைப் பார்க்கும்போது, ஏன் சிவக்கின்றன என்று குழந்தை கேட்கும். விடை எளிதானது, அழகானதும் கூட. பகல் குறுகக் குறுக, இலை பச்சையத்தைப் புதிதாக உண்டாக்குவதை நிறுத்துகிறது. பச்சை வடிந்ததும், கோடை முழுவதும் அதற்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை, முன்பே இருந்தது. சிவப்பு அப்படியன்று. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து அந்த வாரங்களில் உருவாகும் ஆந்தோசயனின் என்னும் நிறமி அது. வெயில் நிறைந்த பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமையும் ஆண்டில் மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தாற்போலச் சிவப்பதற்குக் காரணம் இதுவே.

நிறம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும், மலையுச்சியிலிருந்து அடிவாரம் நோக்கியும் இறங்கிவருகிறது. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட் பகுதிகளில் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடு வரை உச்சம். டென்னசி, வட கரோலினா எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளில் உயரமான இடங்கள் அக்டோபர் தொடக்கத்திலேயே நிறம் மாறிவிட, அடிவாரம் அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கம் வரை காத்திருக்கும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் சனிக்கிழமை எதுவோ, அதற்கேற்ற உயரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. ஒரு வாரம் தவறிவிட்டதென்றால் இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள்.

சிறு குழந்தைகளோடு போகும்போது பாதையின் நீளத்தில் கவனம் தேவை. நியூ ஹாம்ப்ஷயரில் லிங்கன், கான்வே ஊர்களை இணைக்கும் கேங்கமேகஸ் நெடுஞ்சாலை சுமார் 34 மைல்தான். இடையிடையே ஆற்றங்கரையில் இறங்கி நின்றாலும் அரை நாளில் முடியும். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் செல்லும் ஸ்கைலைன் டிரைவ் 105 மைல் நீளம். வேக வரம்பு மணிக்கு 35 மைல். முழுவதும் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வளைவுகளிலேயே கழியும். பின் இருக்கையில் வாந்தி நிச்சயம். அதில் ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயில் வரை மட்டும் போய்வருவது குடும்பத்துக்குப் போதுமானது. கிரேட் ஸ்மோக்கியில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் கட்டணச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் வசிக்கும் குடும்பத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தை இருந்தால், எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் என்ற திட்டத்தில் பதிவு செய்து, கட்டணம் வசூலிக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் குடும்பத்தோடு இலவசமாகச் செல்லலாம். இதை அறியாமலே அந்த ஓர் ஆண்டைக் கடந்துவிடும் பெற்றோர் பலர்.

காட்டுப் பாதையில் நடப்பதாக இருந்தால் முழுக்கால் சட்டை அவசியம். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிகள் வடகிழக்கில் அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாகவே இருக்கின்றன. குளிர் வந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. இரவு குளிக்கவைக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். வேட்டைப் பருவமும் இதுவே என்பதால், வேட்டைக்கு அனுமதியுள்ள காடுகளில் குழந்தைக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலுடை போட்டுவிட வேண்டும்.

பரங்கிக்காய் வயலும் சோளக்கொல்லையும்

நம் குழந்தைகள் அதிகம் எதிர்பார்ப்பது இந்த நாளைத்தான். பண்ணைக்குப் போய் இறங்கியதும் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். அன்று அணிந்திருக்கும் உடையோடு ஒவ்வொரு குழந்தையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தொலைந்தால் சட்டையின் நிறம் பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் கைப்பேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மக்காச்சோளப் பயிருக்குள் பாதைகளை வெட்டி அமைக்கும் கார்ன் மேஸ் பார்ப்பதற்குப் பழைய கிராமத்து வழக்கம் போலத் தோன்றினாலும், அமெரிக்காவில் இன்றைய வடிவில் அது தொடங்கியது 1993இல், பென்சில்வேனியாவின் ஆன்வில் என்ற சிற்றூரில். கலிஃபோர்னியாவின் டிக்சனில் 2014இல் அமைக்கப்பட்ட 60 ஏக்கர் புதிர்ப்பாதை கின்னஸ் சாதனை ஏட்டில் இடம்பெற்றது. அறுபது ஏக்கர் தேவையில்லை. ஐந்து ஏக்கரிலேயே பெரியவர்களுக்கும் திசை தெரியாமல் போகும். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காய்ந்த பயிர் காற்றில் உரசும்போது, யாரோ காகிதத்தைக் கசக்குவது போன்ற ஓசை நாலாபக்கமும் கேட்கும். அடுத்த சந்தில் இருப்பவரின் குரல் அருகில் ஒலிக்கும், ஆள் தெரியமாட்டார். பயத்தின் முதல் பாடத்தை ஒரு குழந்தைக்கு இதைவிட மென்மையாகக் கற்பிக்கும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பட்டப்பகல், அப்பாவின் கை, ஆனாலும் நெஞ்சு படபடக்கும்.

வழி தவறினால் பயன்படும் ஓர் உத்தி உண்டு. உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் கொல்லையின் வெளி விளிம்பிலேயே இருக்குமானால், வலது கையைப் பயிரை ஒட்டி வைத்தபடி கையை எடுக்காமல் நடந்துகொண்டே இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் வெளியே வந்துவிடலாம். நேரம் அதிகமாகும் என்பதால் உள்ளே போகுமுன் குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். எந்தச் சந்தில் திரும்புவது என்ற முடிவைக் குழந்தையிடமே விட்டுவிட்டால், தவறான பாதையில் போனாலும் அதற்குக் கோபம் வராது. வைக்கோல் சவாரியைப் பொறுத்தவரை, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு வைக்கோல் தூசியும் பூஞ்சையும் ஒத்துக்கொள்ளாது. இன்ஹேலரைக் காரில் விடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனிப் பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய காய் இது; பறங்கியர் வழியாக வந்ததால் நம் ஊரில் அந்தப் பெயர் ஏற்பட்டது என்பார்கள். காம்பு பச்சையாகவும் உறுதியாகவும், தோல் நகத்தால் கீறினாலும் பதியாத கடினத்தோடும், அடிப்பகுதி மென்மையாகாமலும் இருக்கிற காயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு ஒடிந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். முகம் செதுக்குவதற்கான பெரிய காய்கள் நீர்த்தும் நார்ப்பட்டும் இருக்கும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் வேண்டுமென்றால் பை பம்ப்கின், சுகர் பம்ப்கின் என்ற பெயரில் விற்கும் சிறிய காய்களை வாங்குங்கள்.

முதன்முதலாக இங்கே வந்திருந்த என் அம்மா, வாசற்படிகளில் வரிசையாக வைத்திருந்த முகம் வெட்டிய காய்களைப் பார்த்துவிட்டு, "இங்கேயும் திருஷ்டி கழிக்கிறார்களா?" என்று கேட்டார். கேள்வி சரியான கேள்விதான். கண்ணும் மீசையும் கோரைப்பல்லும் வரைந்த பூசணியை நாம் புதுவீட்டு வாசலில் கட்டுகிறோம். அயர்லாந்தில் கெட்ட ஆவிகளை அண்டவிடாமல் செய்வதற்காக டர்னிப் கிழங்கில் முகம் வெட்டி விளக்கு வைத்த வழக்கம், குடியேறியவர்களோடு கடல் கடந்து வந்து பரங்கிக்காய்க்கு மாறியது. பாட்டியை இந்த வேலையில் சேர்த்துக்கொண்டால் அவர் வரையும் மீசையைப் போல அந்தத் தெருவில் வேறெதுவும் இருக்காது.

செதுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கத்தி பெரியவர் கையில்; பேனாவால் முகம் வரைவதும் உள்ளே இருப்பதை வழித்தெடுப்பதும் குழந்தைக்கு. ஈரமும் குளிர்ச்சியுமாக, நூல்நூலாக விரலில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சதையைத் தொட மறுத்து முகத்தைச் சுளிக்கிற குழந்தை, ஐந்து நிமிடத்தில் முழங்கை வரை உள்ளே விட்டிருக்கும். விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுக்கலாம். வெட்டிய காய் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கிவிடும் என்பதால் ஹாலோவீனுக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு வெட்டினால் போதும். மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள். தொளதொள உடைகளோடு குழந்தைகள் வந்து நிற்கும் வாசலில் தீச்சுடர் வேண்டாம்.

பயமூட்டும் இடங்கள்: யாருக்கு, எவ்வளவு?

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு முகமூடியும் முகமும் வேறு வேறு என்பது முழுமையாகப் புரிவதில்லை. "அது நிஜமில்லை கண்ணா" என்று நாம் சொல்வதை அறிவு கேட்டாலும் உடம்பு கேட்காது. ஏழெட்டு வயதில் நிஜத்துக்கும் வேடத்துக்கும் உள்ள வேறுபாடு பிடிபடுகிறது; அப்போதும் இருட்டும் திடீர்ச் சத்தமும் தனித்தனியாக வந்தால் தாங்கும் பிள்ளை, இரண்டும் சேர்ந்து வந்தால் தாங்காது. நடிகர்கள் பாய்ந்து வந்து அலறவைக்கும் உண்மையான பேய் வீடுகளைப் பதின்மூன்று வயதுக்கு முன் நான் பரிந்துரைக்கமாட்டேன். குடும்பத்தில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது மிகச் சிறிய குழந்தைதான். பெரியவனுக்கு வேறொரு நாளில் தனியாக அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை வெளிச்சமும் வேடிக்கையும் மேலோங்கிய நிகழ்ச்சிகள். பல உயிரியல் பூங்காக்கள் அக்டோபரில் வேடமணிந்த குழந்தைகளுக்காகப் பகல்நேர விழா நடத்துகின்றன. நியூயார்க் மாநிலத்தில் க்ரோட்டன் ஆன் ஹட்சன் ஊரின் வான் கோர்ட்லாண்ட் மாளிகையில், கையால் செதுக்கிய 7,000க்கும் மேற்பட்ட பரங்கிக்காய்களுக்குள் விளக்கேற்றி வைக்கும் கண்காட்சி இரவில் நடந்தாலும், பாய்ந்து பயமுறுத்துவோர் யாரும் இல்லாத இடம். நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். அதற்குச் சற்றுத் தெற்கே, தலையற்ற குதிரைவீரன் கதையால் புகழ்பெற்ற ஸ்லீப்பி ஹாலோ இருக்கிறது. வடக்கு டாரிடவுன் என்றிருந்த தன் பெயரை அந்த ஊரே 1996இல் கதையின் பெயருக்கு மாற்றிக்கொண்டது. அங்குள்ள பழைய டச்சுத் தேவாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பகலில் நடந்து பார்த்தால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் போதுமான சிலிர்ப்பு கிடைக்கும்.

இயற்கையே தரும் பயம் எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அதில் பொய் இல்லை. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தின் அடிப்புறப் பிளவுகளில் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை தங்கும் வௌவால்கள் 15 லட்சம் வரை இருக்கும். சூரியன் மறையும் வேளையில் அவை புகைமண்டலம் போலக் கிளம்புவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பார்கள். குளிர்காலத்துக்கு அவை மெக்சிகோ போய்விடுவதால் அக்டோபர் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடவே கூடாது, வெறிநோய் அபாயம் உண்டு. கென்டக்கியின் மேமத் குகை உலகில் அறியப்பட்ட குகைகளிலேயே மிக நீளமானது. அளந்து வரைபடமாக்கிய பகுதியே 420 மைலுக்கு மேல். ஆண்டு முழுவதும் உள்ளே 54 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால் ஸ்வெட்டர் வேண்டும். குகைச் சுற்றுலாக்களில் வழிகாட்டி சில நொடிகள் விளக்குகளை அணைத்துக் காட்டுவது வழக்கம். கண் முன்னே பிடித்த கையும் தெரியாத இருட்டு அது. அந்த நொடி வரப்போகிறது என்று முன்பே சொல்லிவைத்தால் குழந்தை அதற்காகக் காத்திருக்கும். சொல்லாமல் விட்டால் அலறும்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு வரலாறு கலந்த இடங்கள் பொருந்தும். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயின் வின்செஸ்டர் மர்ம மாளிகையில், 1886 முதல் 1922இல் இறக்கும் வரை சாரா வின்செஸ்டர் அம்மையார் கட்டிக்கொண்டே போன ஏறக்குறைய 160 அறைகளும், கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டும், வெளியே வெறும் காற்றில் திறக்கும் கதவும் உள்ளன. கணவர் குடும்ப நிறுவனம் தயாரித்த வின்செஸ்டர் துப்பாக்கியால் இறந்தவர்களின் ஆவிகளுக்குப் பயந்து கட்டினார் என்பது பரவலான கதை. ஆனால் இரண்டு அங்குலம் மட்டுமே உயரமுள்ள படிகள் அவருடைய மூட்டுவலிக்காகச் செய்யப்பட்டவை. 1906 நிலநடுக்கத்தில் மேல்தளங்கள் இடிந்ததும் அந்த வீட்டின் புதிர் பலவற்றுக்குக் காரணம். இரண்டையும் பிள்ளையிடம் சொல்லி, எது நம்பத்தக்கது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுவதும் பேச்சு அதுவாகவே இருக்கும்.

மாசச்சூசெட்ஸின் சேலத்தை வேறு மனநிலையோடு அணுக வேண்டும். 1692இல் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு முதியவரைக் கற்களுக்கு அடியில் நசுக்கிக் கொன்றார்கள். அவர்களில் எவரும் சூனியக்காரரல்லர். அண்டை வீட்டாரின் பயத்துக்கும் பகைக்கும் பலியானவர்கள். தெருவெங்கும் கூர்முனைத் தொப்பியும் கேளிக்கையுமாக இருக்கும் அக்டோபரில், முதலில் 1992இல் அமைத்த நினைவிடத்துக்குப் போய், கல் இருக்கைகளில் செதுக்கியுள்ள பெயர்களைப் பிள்ளையோடு சேர்ந்து வாசித்துவிட்டு, பிறகு வேடிக்கை பார்க்கச் செல்வதே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த மாதத்தில் காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது. பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரம்தான்.

ஃபிலடெல்ஃபியாவில் 1829இல் திறந்து 1971இல் மூடப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை, ஒரே இடத்துக்கு இரண்டு முகம் இருக்கலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பகலில் அது அமைதியான அருங்காட்சியகம். பேர்பெற்ற குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் இருந்த அறையைப் பார்க்கலாம். இலையுதிர் கால இரவுகளில் அங்கேயே நடக்கும் பயமூட்டும் நிகழ்ச்சி பெரிய பிள்ளைகளுக்கானது. சீட்டு வாங்கும்போது எந்த நேரத்துக்கு வாங்குகிறோம் என்பதை இரண்டு முறை பாருங்கள்.

எந்தப் பேய் வீட்டுக்கும் முன்பதிவு செய்யுமுன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். நடிகர்கள் தொடுவார்களா? பாதி வழியில் வெளியேற வழி இருக்கிறதா? விளக்கெரிய, பயமுறுத்தாமல் காட்டும் நேரம் உண்டா? என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நடிகர்களுக்குத் தெரிவிக்கும் ஒளிவளையம் போன்ற அடையாளம் தருகிறார்களா? விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு இருக்கிறதா என்பது கட்டாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு அது ஆபத்து. செயற்கைப் புகைமூட்டம் ஆஸ்துமாவைத் தூண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவுக்கு இதயநோய் இருந்தால், சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அவரையும் உள்ளே அழைத்துப் போகாதீர்கள்.

உள்ளே நுழையுமுன் குழந்தையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அதன் கையை நீங்கள் பிடிக்காமல், உங்கள் இரண்டு விரல்களை அது பிடித்துக்கொள்ளட்டும். ஒரு முறை அழுத்தினால் நில் என்று பொருள், இரண்டு முறை அழுத்தினால் வெளியே போகலாம் என்று பொருள். அழுத்தியதும் காரணம் கேட்காமல், "இவ்வளவுதானா?" என்று சொல்லாமல், கட்டிய பணத்தைப் பற்றி வாயே திறக்காமல் திரும்ப வேண்டும். என் மகன் ஒன்பதாவது வயதில் ஒரு சிறிய பேய் வீட்டின் முதல் அறையிலேயே இரண்டு முறை அழுத்தினான். வெளியே வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இப்போது போகலாம்" என்று அவனே எழுந்தான். அவன் தைரியம் அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்ததிலிருந்து வந்தது.

அக்டோபர் 31 மாலை

வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் இரவில் பேயைவிடக் காரே ஆபத்தானது. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் விபத்துத் தரவை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் அதே பருவத்தின் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே கறுப்பு உடை போட்டே தீருவேன் என்று அடம்பிடிக்கும் சூனியக்காரியின் முதுகிலும் பையிலும் ஒளியைத் திருப்பிக் காட்டும் நாடாவை ஒட்டிவிடுங்கள். பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகச்சாயம் பூசலாம். முந்தின நாளே கையில் சிறிது தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உடை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். சிறியவர்களை வெளிச்சம் போவதற்குள் அழைத்துச் சென்று திரும்பிவிடுங்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது.

வேர்க்கடலை, பால் போன்ற ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர், நீலப்பச்சை நிறம் பூசிய பரங்கிக்காய் வைத்திருக்கும் வீடுகளைத் தேடுங்கள். அங்கே ஸ்டிக்கர், பென்சில் போன்ற உணவல்லாத பொருட்கள் கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். உணவு ஒவ்வாமைக்கான ஓர் அமைப்பு 2014இல் நாடெங்கும் பரப்பிய வழக்கம் இது. நீங்களும் ஒன்றை வாசலில் வைத்தால் உங்கள் தெருவில் ஒரு குழந்தையாவது வெறும் பையோடு திரும்பாது. வாங்கிவந்த மிட்டாய்களை வீட்டில் கொட்டிப் பார்த்து, உறை பிரிந்தவற்றை எறிந்துவிட்டு, நான்கு வயதுக்குட்பட்டவர்களின் பங்கிலிருந்து கெட்டியான உருண்டை மிட்டாய்களையும் கடலை வகைகளையும் எடுத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தோடு அவர்களை உட்காரவையுங்கள். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் பத்துக் குழந்தைகளுக்கே கை நிறைய அள்ளிக்கொடுத்துக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் வாசலில் அழுகத் தொடங்கும் காய்களைக் காட்டில் வீசிவிடாதீர்கள். விளக்கையும் மெழுகையும் எடுத்துவிட்டு உரக்குழியில் போடலாம், அல்லது காய் வாங்கிய பண்ணையிலேயே ஆடு, பன்றிகளுக்கு வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கலாம். பல பண்ணைகள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கின்றன. போன மாதம் வண்டியில் ஏற்றிவந்த காயை ஆடு மென்று தின்பதைப் பார்க்கவே என் மகள் இப்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.